மடிப்புக் கயாக்: வாங்கும் முன்பு யாராவது சொல்லியிருக்கலாம்

கவிழ்ந்தது பெரிய விஷயமில்லை. கயாக் என்றால் என்றாவது ஒரு நாள் கவிழத்தான் செய்யும். நிமிர்த்திய பிறகு அது மிதந்த விதம்தான் வயிற்றைக் கலக்கியது. உட்காரும் குழியைச் சுற்றியிருக்கும் விளிம்பு நீர்மட்டத்துக்குச் சமமாக நின்றது. கைப்பம்பால் இறைக்க இறைக்க, முழங்கால் உயரம்கூட இல்லாத அடுத்த அலை அதே அளவு தண்ணீரைத் திரும்ப உள்ளே ஊற்றிவிட்டுப் போனது. கால் மணி நேரம் இறைத்தும் ஒரு அங்குலம் குறையவில்லை. கடைசியில் படகைப் பிடித்தபடி காலை உதைத்தே கரை சேர வேண்டியிருந்தது. 400 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் பிழைத்தேன், வேறு காரணம் கிடையாது. அன்று படகுக்குள் இரண்டு காற்றுப் பைகள் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் அரைக் கிலோ எடை வரும். வாங்கும்போது அப்படி ஒன்று தேவை என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

முதல் வருடக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். படகுக்குக் கொடுத்த விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறுபடியும் செலவானது. அதில் பாதி தவறான பொருள் வாங்கியது, மீதி சரியான பொருளைத் தாமதமாக வாங்கியது. ஒட்டிக்கொண்ட குழாய்களைக் கழற்ற மட்டும் மூன்று முழு நாட்கள் போயின. பூஞ்சை நாற்றத்தை எடுக்க ஒரு மாதம். இதில் எதுவும் படகின் குற்றமில்லை. மடிக்க முடிகிற படகுக்கு, அந்த மடிப்பிலிருந்தே முளைக்கிற சில தேவைகள் உண்டு. ஒற்றை வார்ப்பாகச் செய்த பிளாஸ்டிக் கயாக்கில் இவை எதுவும் கிடையாது என்பதால், அதில் பழகியவர்களிடம் கேட்டால்கூடப் பதில் கிடைக்காது.

முதலில் எந்த வகை என்பது. மடிப்புக் கயாக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கின்றன. ஒன்று, மரத்தாலோ அலுமினியக் குழாயாலோ எலும்புக்கூடு கட்டி அதன்மேல் ரப்பர் பூச்சுள்ள துணித் தோலை இழுத்து மாட்டுவது. இது பழைய வகை. 1905-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹொய்ரிக் என்ற கட்டடக்கலை மாணவர் இப்படி ஒன்றைக் கட்டினார். 1907-இல் ரோசன்ஹைமைச் சேர்ந்த தையற்கலைஞர் யோஹான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். இன்னொன்று, உள்ளே வரிவரியாகக் குழாய் ஓடும் 5 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் தகட்டை மடிப்புக் கோடுகளில் மடித்துப் படகாக்குவது. அறிவிப்புப் பலகைக்கும் பொருள் கட்டும் பெட்டிக்கும் பயன்படும் அதே ரகத் தகடுதான். எலும்புக்கூடு வகை கனம்: ஒருவர் படகே 15 முதல் 25 கிலோ வரும், முடுக்கிக் கட்ட அரை மணி நேரமாவது ஆகும், ஆனால் அலையில் நன்றாக வளைந்து கொடுக்கும். தகட்டு வகை 8 முதல் 13 கிலோ. பழகிவிட்டால் பத்து நிமிடத்தில் தயார். குளம், ஏரி, அமைதியான கழிமுகம் போன்ற இடங்களுக்கு அது போதும். தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டிய வீடு என்றால் எடையை முதலில் பாருங்கள். 23 கிலோ பையை முதுகில் மாட்டி அரைக் கிலோமீட்டர் நடந்துவிட்டு அதன் பிறகு துடுப்புப் போடுகிற உற்சாகம் எத்தனை வாரத்துக்கு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மடிப்புப் படகை விற்கிறவர்கள் தவறாமல் எடுத்துவிடும் ஒரு கதை, ஹான்னெஸ் லிண்டெமான் 1956-இல் கிளெப்பர் படகில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தது. 72 நாட்கள். உண்மைதான். அவர் அதில் பாய் கட்டியிருந்தார், பக்கத்தில் ஒரு மிதவையைப் பிணைத்திருந்தார், அதற்கு முந்தைய ஆண்டே மரம் குடைந்த படகில் அதே கடலைக் கடந்தவர் என்பதையெல்லாம் விற்கிறவர் சொல்ல மாட்டார். படகு தாங்கும். நாம் தாங்குவோமா என்பது வேறு கேள்வி.

பழைய படகு வாங்குவதில் தவறில்லை, எலும்புக்கூடு வகை நன்றாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் பைக்குள் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். நான் செய்தது அதுதான். விற்பவரை முழுதாகக் கட்டச் சொல்லுங்கள், பிறகு உங்கள் கண் முன்னாலேயே முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். கட்டுவதைவிடக் கழற்றுவதுதான் சோதனை. ஒவ்வொரு குழாய் இணைப்பும் கையால் திருகி இழுத்தால் வர வேண்டும். “இது கொஞ்சம் டைட்டா இருக்கும், ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்” என்று சொன்னால் அந்தக் குழாய் ஏற்கெனவே பாதி செத்துவிட்டது. மேல்துணியை, வெயில் அதிகம் படும் நடு வரிசையில், இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். வெளுத்துப்போன துணி நூல் நூலாகப் பிரிந்தால் அதற்கு ஆயுள் இல்லை. அடித்தோலின் உள்பக்கத்தைத் திருப்பி, எலும்புகள் அழுந்தும் நீளவாட்டுக் கோடுகளில் விரலை ஓட்டுங்கள். துணி இழை தட்டுப்பட்டால் பூச்சு தேய்ந்திருக்கிறது. மரச் சட்டம் என்றால் வார்னிஷுக்கு அடியில் கருப்புப் புள்ளி, குறிப்பாக உலோகப் பூட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி. மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். இன்னொன்று, அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா என்பது. ஃபோல்பாட், ஃபெதர்கிராஃப்ட் போன்ற பேர்பெற்ற தயாரிப்பாளர்களே 2016 வாக்கில் கடையை மூடிவிட்டார்கள். படகு அருமையாக இருக்கும், உடைந்த ஒரு விலாவுக்கு மாற்று கிடைக்காது. அப்படிப்பட்ட படகை வாங்கலாம், ஆனால் எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று ஒன்றொன்றாக எண்ணிவிட்டு.

முதல் முறை கட்டுவதை வீட்டிலேயே செய்யுங்கள். நீர்க்கரையில் செய்யாதீர்கள். இருபது நிமிடம் என்று போட்டிருந்தால் முதல் தடவை இரண்டரை மணி நேரம், இரண்டாவது தடவை ஒன்றே கால், ஐந்தாவது தடவைதான் அரை மணி. எனக்கு முதல் நாள் கரையில் கட்டி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, கை நடுங்கியது, அந்தக் கோபத்தோடேயே தண்ணீரில் இறங்கினேன். எலும்புக்கூடு வகையின் வரிசை எல்லாப் படகிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: தோலை விரித்து முறுக்கு இல்லாமல் நீட்டுவது, சட்டத்தை முன்பாதி பின்பாதி எனத் தனித்தனியாகக் கட்டுவது, இரண்டையும் தோலுக்குள் முனை வரை நுழைப்பது, பிறகு நடுவில் இரண்டு பாதியையும் சேர்த்து நெம்பித் தோலை இழுவிசையில் நிறுத்துவது, அதற்குப் பிறகு நடு விலாக்கள், இருக்கை, விளிம்பு, கடைசியாகத்தான் பக்கவாட்டுக் காற்றுக் குழல்களை ஊதுவது.

அந்த நெம்பும் கட்டத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்க மறுக்கும், நாமும் உடம்பு எடையைப் போட்டு அழுத்துவோம். அழுத்தும் முன் முன்முனைக்கும் பின்முனைக்கும் போய்த் தோலின் நடுத் தையலும் சட்டத்தின் நடுக்கோடும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் நடுவில் இறங்காது. இறங்கினாலும் படகு தண்ணீரில் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் உங்கள் துடுப்பு வீச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சூடான தோல் எளிதாக நீளும், குளிர்ந்த தோல் நீளாது. காலைக் குளிரில் கட்டுவதாக இருந்தால் தோலைப் பத்து நிமிடம் வெயிலில் விரித்துவிட்டுத் தொடங்கினால் பாதிச் சண்டை குறையும். காற்றுக் குழலை முன்கூட்டியே ஊதிவிட்டால் தோல் சுருங்கிவிடும், சட்டம் உள்ளே போகவே போகாது. இதை ஒருமுறை செய்து அரை மணி நேரம் விழித்தேன்.

காற்றுக் குழலைப் பற்றி இன்னும் கொஞ்சம். வாயால் ஊதுகிற அளவுக்குத்தான் அதில் அழுத்தம், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 15 டிகிரியில் ஊதியதை 45 டிகிரி சூடேறும் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மேற்கொண்டு ஏறும். கேட்பதற்குக் கொஞ்சம்தான், ஆனால் குழலுக்கு அது இரண்டு மடங்கு. தையல் பிரிவது அப்போதுதான். கரையில் நிறுத்தினால் வால்வைத் திறந்து கொஞ்சம் விட்டுவிடுங்கள். தண்ணீரில் இறக்கிய ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து தளர்ந்துவிடும், அப்போது மீண்டும் நான்கு மூச்சு ஊதிக்கொள்ளுங்கள். வால்வு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தகட்டு வகையில் சண்டை வேறு மாதிரி. புதுத் தகடு விறைப்பாக இருக்கும், பெட்டியாக இருந்த மடிப்பு நினைவு அதற்குப் போகாது. வாங்கியதும் வெயிலில் சூடாக்கி, கட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அதன்பின் கை சொன்னபடி கேட்கும். இருக்கும் கோட்டில் மட்டும் மடியுங்கள். தவறான திசையில் ஒருமுறை நசுங்கினால் அது வெள்ளைக் கோடாக நிரந்தரமாக நின்றுவிடும், அடுத்த முறை அங்கேயே மடியப் பார்க்கும். ‘ஓரு’ (Oru) என்ற தகட்டுப் படகு நிறுவனத்தார் தங்கள் தகடு 20,000 முறை மடிப்பைத் தாங்கும் என்கிறார்கள். மடிப்பு உங்களைக் கைவிடாது. சிப்பியும் கூர்க்கல்லும்தான் கைவிடும். வெளித்தோல் கிழிந்தால் வரிக்குழாய்க்குள் தண்ணீர் ஏறி நிற்கும், படகு கனத்துக்கொண்டே போகும், காரணம் புரியாது.

ஏறுவது இறங்குவது. மடிப்புப் படகு கரையில் கிடக்கும்போது அதில் உட்காராதீர்கள். முன்முனை மணலிலும் பின்முனை கல்லிலும் இருந்து நடுவில் உங்கள் எடை விழுந்தால் நீளவாட்டுக் கம்பிதான் உடையும். படகு முழுதாக மிதக்கும் அளவு தண்ணீரில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, அதன்மேல் குதிரை ஏறுவது போலக் கால் அகட்டி நின்று முதலில் பிட்டத்தை இருக்கையில் வைத்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுக்க வேண்டும். குதிகாலை இரண்டு விலாக்களுக்கு நடுவே வெறும் தோலில் ஊன்றக் கூடாது. கால் பாதத்தில் ஒட்டி வரும் மணலை வெளியிலேயே உதறிவிடுங்கள். ஒரு சிட்டிகை மணல் சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் அரம் போலத் தேய்க்கும். தோலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் வெளியே கல் பட்டதால் என்று நினைப்போம், பல நேரம் உள்ளேயிருந்து மணல் தின்றதுதான்.

காற்று. இதில்தான் என் கணிப்பு முழுக்கத் தப்பியது. தகட்டுப் படகு மிக லேசு, நீருக்கு மேல் அதன் உடம்பு நிறையத் தெரியும், காற்று அதைக் காகிதம் போலத் திருப்பும். எலும்புக்கூடு வகையும் காலிப் பாரத்தோடு போனால் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலான கயாக்குகள் பக்கக் காற்றில் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொள்ளும், ஒரு பக்கமே துடுப்புப் போட்டுத் தோள் கழன்றுவிடும். பின்பகுதியில் அடியில் இறங்கும், மீன் துடுப்பு போன்ற சிறு தகடு, அதாவது ஸ்கெக், அல்லது சுக்கான் இருந்தால் இது தீரும். இல்லையென்றால் இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக எட்டு, பத்து லிட்டர் தண்ணீர்ப் பையைக் கட்டிப் பாருங்கள். வேறு படகு ஓட்டுவது போல இருக்கும். பாரம் உருளாதபடி கட்டியாக வேண்டும். நிதானமாகப் போனால் நம் வேகம் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் புதியவர் நின்ற இடத்திலேயே துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார். பரப்பில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கினால் அந்த எல்லைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு இறங்க வேண்டாம். இதைவிட மோசம், கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று. கரையோரம் மரமும் மேடும் மறைப்பதால் கண்ணாடி மாதிரி இருக்கும். 200 மீட்டர் உள்ளே போனதும் முதுகில் தள்ளும், போவது சுகமாக இருக்கும், திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். நான் கவிழ்ந்த நாளில் வீசியது இந்தக் காற்றுதான். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பில் பணத்தை வீணாக்கினேன். கடைக்காரர் என் உயரத்தை மட்டும் கேட்டு 215 சென்டிமீட்டர் கொடுத்தார். படகின் அகலத்தை அவர் கேட்கவில்லை. மடிப்புப் படகுகள் பல 70 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானவை. குட்டைத் துடுப்பால் ஒவ்வொரு வீச்சிலும் விரல்முட்டி விளிம்பில் இடிக்கும், தண்ணீர் மடியில் சொட்டும். அகலப் படகுக்கு 230 அல்லது 240 வேண்டும். பையில் அடங்க வேண்டுமென்றால் நான்காகப் பிரியும் துடுப்பு, ஆனால் அதன் இணைப்புகளில் ஆட்டம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

இனி அந்தக் காற்றுப் பை. கடலுக்கான வார்ப்புக் கயாக்கில் பொதுவாக முன்னும் பின்னும் அடைப்புச் சுவர் இருக்கும், அதற்குள் காற்று நிற்கும். மடிப்புப் படகில் முனை முதல் முனை வரை ஒரே குழிதான், சுவர் வைத்தால் மடிக்க முடியாது. கவிழ்ந்தால் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏறும், அதாவது 200 கிலோ. கைப்பம்பு ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ அரை லிட்டர் இறைக்கும். 400 இழுப்பு, அதுவும் புதுத் தண்ணீர் ஏறாமல் இருந்தால். முன்முனைக்கும் பின்முனைக்கும் கூம்பு வடிவப் பைகள் தனியாக விற்கின்றன. நீண்ட ஊதுகுழாய் உள்ளதாக வாங்குங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊதலாம். சட்டத்தில் கயிற்றால் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்ததும் முதலில் மிதந்து ஓடுவது அதுதான். பைகள் இருந்தால் தண்ணீர் நிற்க இடம் உங்கள் குழி மட்டுமே, விளிம்பும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும், இறைத்தால் இறைத்த அளவு குறையும். பயண மூட்டையோடு போனால் நீர்புகாப் பைகளே பாதி வேலையைச் செய்துவிடும். வெறும் படகோடு மாலையில் ஒரு சுற்று என்று கிளம்புகிற நாள்தான் ஆபத்து.

திரும்ப ஏறும் பயிற்சியை இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பத்துத் தடவையாவது செய்யுங்கள். படகை விடக் கூடாது, அது முதல் விதி. விளிம்பின் ஓரத்தைப் பிடித்துச் சட்டென்று தூக்கிப் புரட்ட வேண்டும், மெதுவாகத் தூக்கினால் தண்ணீரை அள்ளிக்கொண்டுதான் நிமிரும். துடுப்பின் ஒரு இலையில் துடுப்பு மிதவையை மாட்டி ஊதுங்கள். துடுப்பைப் படகுக்குக் குறுக்காக, விளிம்புக்குப் பின்னால் வைத்து ஒரு கையால் விளிம்போடு சேர்த்துப் பிடியுங்கள். பின்தளத்தில் குப்புற ஏறி, முகம் பின்முனையைப் பார்க்க, கால்களை ஒன்றொன்றாகக் குழிக்குள் விட்டு, மிதவை இருக்கும் பக்கமாகவே உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. மடிப்புப் படகில் பின்தளம் துணி என்பதால் உங்கள் எடையில் அது அமுங்கிக் குழிவிழும், துடுப்புத் தண்டு வழுக்கும். அங்கே குறுக்காக ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டி அதற்கடியில் தண்டைச் செருகினால் நிற்கும். எல்லாம் சொல்லும்போது எளிது. முதல் நாள் எனக்கு ஆறு முறை தோற்று ஏழாவதில்தான் முடிந்தது, அதுவும் அலையே இல்லாத தண்ணீரில்.

மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், தளத்தில் கட்டி வைக்காதீர்கள். 50 நியூட்டன் என்று குறித்தது நீச்சல் தெரிந்து, உதவி அருகில் இருப்பவருக்கு. மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பும் வேலையை அது செய்யாது. தண்ணீர் குளிராக இருக்கும் இடமென்றால் வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். பனிக்குளிர் நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தங்க 1 மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். மேலே சொன்ன ஏறும் பயிற்சி முழுவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

உப்புத் தண்ணீரில் போய்விட்டு ஒன்றரை மாதம் கட்டியபடியே வைத்திருந்தேன், தினமும் கட்டுவானேன் என்ற சோம்பல். கழற்றப் போனபோது ஏழு இணைப்புகள் வரவில்லை. அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டும் உப்பு நீரில் ஒன்றாக நனைந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து இடைவெளியை அடைத்துவிடும். அதோடு மணல். திருகினால் கரகரவென்று ஒரு சத்தம், பல்லைக் கூசும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். இடுக்கி போட்டேன், மெல்லிய குழாய் நசுங்கி நீள்வட்டமாகிவிட்டது, அதன்பின் அது வெளியே வந்தும் பயனில்லை. செய்ய வேண்டியது: நல்ல தண்ணீரில் முழுக்க ஊறவைத்து உப்பைக் கரைப்பது, இணைப்பில் ஊடுருவு எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுவது, பிறகு வெளிக்குழாயில் மட்டும் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு கையிலும் ரப்பர்த் துண்டு சுற்றிக்கொண்டு எதிரெதிராகத் திருகுவது. இழுக்காதீர்கள், முதலில் சுழல வேண்டும், சுழன்றால் வந்துவிடும். எண்ணெய் தோலில் படாமல் பழந்துணி போட்டுக்கொள்ளுங்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். இதெல்லாம் நேராமல் இருக்க, உப்பு நீருக்குப் போனால் அன்றே எல்லா இணைப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் சிலிகான் பூச்சு மெல்லியதாக ஒரு துடைப்பு. நீண்ட பயணத்தில் வாரம் ஒருமுறையாவது குழாய்களைக் கழற்றி ஆட்டிவிட்டு மாட்டுங்கள்.

உலர்த்துவதுதான் இந்தப் படகின் உண்மையான விலை. ஒரு நாள் துடுப்புக்கு இரண்டு நாள் உலர்த்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதைப் பார்த்து மடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். முன்முனைக்குள் கையைத் தோள் வரை விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருக்கும். தோலை நிழலில், காற்றோட்டமான இடத்தில், முனை கீழே தொங்காமல் கயிற்றில் போட்டு, உள்ளே பழைய துண்டை உருட்டித் தள்ளி எடுத்துவிட்டு, ஒரு விசிறியை வாய்ப்பக்கம் வைத்தால் மறுநாள் காயும். பூஞ்சை வந்துவிட்டால் வெளுப்பானைக் கொட்டாதீர்கள், தையல் நூல் பலவீனமாகும். நீர்த்த வினிகரும் மென்மையான சோப்பும் பிரஷும் பொறுமையும்தான் வழி. கறை முழுவதும் போகாது, நாற்றம் போகும்.

ஓட்டையை அடைக்கும்போது முதலில் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹைபலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய தோலுக்கு இரண்டு பாகம் கலக்கும் ரப்பர்ப் பசை: உப்புத்தாளால் இருபக்கமும் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலைதான் முதலில் உரியும். பிவிசி தோலுக்குப் பிவிசிக்கான பசைதான், ரப்பர்ப் பசை இரண்டு வாரத்தில் கழன்று வரும். எனக்கு வந்தது. பாலிப்ரொப்பிலீன் தகட்டில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, நல்ல நாடாவோ சூட்டு ஒட்டோதான். நடுவழியில் எந்தப் படகானாலும் ஆல்கஹால் துடைப்பான் நான்கும் அகல நாடா ஒரு சுருளும் போதும்: துடைத்து, உலர விட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒட்டினால் வீடு வந்து சேரலாம். ஈரத்தின்மேல் ஒட்டினால் கரையிலேயே உரிந்துவிடும்.

விமானத்தில் கொண்டுபோகலாம் என்று சொல்லித்தான் பலர் வாங்குகிறார்கள். 23 கிலோ வரம்பும், நீளம் அகலம் உயரம் சேர்த்து 158 சென்டிமீட்டர் வரம்பும் பல விமானங்களில் உண்டு. தகட்டுப் படகின் பெட்டி பெரியது, எடை குறைவாக இருந்தும் அளவில் மாட்டும். எலும்புக்கூடு வகையை இரண்டு பையாகப் பிரித்துத் தோலை ஒன்றிலும் குழாய்களை இன்னொன்றிலும் போடலாம். திரும்பும்போது தோல் முழுதாகக் காய்ந்திருக்காது, இரண்டு கிலோ கூடிவிடும், அதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள். தானாக ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டையில் வாயுக் குப்பி இருக்கும், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், நுரை அடைத்த சட்டை என்றால் அந்தத் தலைவலி இல்லை.

இப்போது என் பையின் பக்க அறையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. அதில் காற்றுக் குழல் வால்வு மூடி இரண்டு, விலாவைப் பூட்டும் ஊசி நான்கு, எலாஸ்டிக் கயிறு மூன்று மீட்டர், உடைந்த கம்பியின் மேல் மாட்டக்கூடிய, அதைவிடச் சற்று அகலமான 20 சென்டிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்று, நாடா, துடைப்பான். படகைக் கட்டும்போது விரிக்கும் பழைய தார்ப்பாயில், எந்தக் குழாய் எங்கே என்று மார்க்கரால் வரைந்து வைத்திருக்கிறேன். கழற்றும்போது ஒவ்வொன்றையும் அதனதன் கோட்டின்மேல் வைத்துவிடுவேன். ஒரு கோடு காலியாக இருந்தால், மணலில் தேட வெளிச்சம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.